பெயர் எழுதும் லீடரிலிருந்து பொறுப்பேற்கும் மாணவர் வரை: மேல்நிலை வகுப்புகளுக்கான ஓராண்டு வழிகாட்டி

நம் பள்ளிகளில் ‘லீடர்’ என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான். ஆசிரியர் வகுப்பில் இல்லாதபோது கரும்பலகையின் ஓரத்தில் பேசியவர்களின் பெயரை எழுதி வைப்பவர் லீடர். ஆசிரியர் வந்ததும் அந்தப் பெயர்கள் படிக்கப்படும். தன் கூட்டாளியின் பெயரை மட்டும் அழித்துவிட்டான் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு புகார் எழும். அதற்குள் பாடம் தொடங்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து இதையே பார்த்து வளர்ந்த பிள்ளை பிளஸ் ஒன் வரும்போது, தலைமை என்றால் ஆசிரியரின் சார்பில் மற்றவர்களைக் கண்காணிப்பது என்ற எண்ணம் அதன் மனத்தில் உறைந்துபோயிருக்கும். பள்ளி மாணவர் தலைவர் என்று பட்டையணிந்து காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும் மாணவருக்கும் பெரும்பாலும் அதைத் தாண்டிய வேலை ஏதும் தரப்படுவதில்லை.

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதுகலை ஆசிரியராகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்த ஆண்டுகளில் நான் உறுதியாக உணர்ந்தது ஒன்றுதான். ஒருநாள் பயிலரங்கும் சிறப்பு விருந்தினரின் ஊக்கவுரையும் மாணவர்களைக் கைதட்ட வைக்கும். மறுவாரம் அவற்றின் சுவடு இருக்காது. தவறினால் யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே சிரமம் உண்டாகக்கூடிய ஒரு வேலையை, ஒரு கெடுவோடும் சிறு தொகையோடும் மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு அருகிலேயே இருக்கும்போதுதான் அவர்களுக்குள் ஏதோ ஒன்று மாறத் தொடங்குகிறது.

முதலில் நாட்காட்டி

எந்தத் திட்டத்தையும் எழுதுவதற்கு முன்னால் கல்வியாண்டின் நாட்காட்டியை விரித்துவைத்துக்கொண்டு, உண்மையில் எத்தனை வாரங்கள் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்து பாடப்பிரிவு மாற்றங்கள் அடங்க ஜூன் மாதம் போய்விடும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பொங்கலுக்குப் பிறகு செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் என்று ஆண்டின் பின்பாதி தேர்வுகளுக்கே சரியாக இருக்கும். எனவே பிளஸ் ஒன்னில் ஜூலை நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரையிலான காலமும், பிளஸ் டூவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலமும்தான் நமக்கு உரியவை. முதலாவது காலத்தைக் கற்றுக்கொள்வதற்கும் இரண்டாவதை அடுத்த அணியிடம் ஒப்படைப்பதற்கும் வைத்துக்கொண்டால், பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் பிள்ளைகளை நிம்மதியாகப் படிக்க விட்டுவிடலாம். இந்தக் கணக்கைப் போடாமல் ஜனவரியில் ‘தலைமைப் பண்பு வளர்ப்பு’ என்று தொடங்கும் திட்டங்கள் சுவரொட்டியோடு முடிந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். அது எந்தக் கிழமை, எத்தனையாவது பாடவேளை என்று தலைமையாசிரியரிடம் பேசிக் கால அட்டவணையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அட்டவணையில் இடம்பெறாத எதையும் விடுபட்ட பாடத்தை முடிக்க வரும் ஆசிரியர் எடுத்துக்கொண்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

யாரைச் சேர்ப்பது

மதிப்பெண் பட்டியலின் முதல் பத்துப் பெயர்களை எடுத்துக்கொள்வது நம் கை பழகிப்போன வழி. அந்தப் பத்துப் பேருக்கு ஏற்கெனவே பேச்சுப் போட்டி, வினாடி வினா, வரவேற்புரை என்று எல்லா மேடையும் கிடைத்துக்கொண்டிருக்கிறது. வகுப்பிலிருந்து ஒருவரை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் பல ஊர்களில் அந்த வாக்கு ஊரின் சாதிக் கணக்குப்படியே விழும் என்பதை மறைப்பதில் பயனில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டபோது, வகுப்பறைக்குள் இருக்கும் சாதி எவ்வளவு தூரம் போகும் என்பதை மாநிலமே கண்டது. அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டிவருவதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை அறுப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. வெவ்வேறு தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே வேலையில் ஒருவரை ஒருவர் நம்பியிருக்க வேண்டிய நிலையை நாம் உருவாக்கித் தர வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் பின்பற்றிய முறை இது. பிளஸ் ஒன்னின் எல்லாப் பிரிவுகளிலும் ஒரு தாளைக் கொடுத்து இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதச் சொல்வேன்: “இந்தப் பள்ளியில் தினமும் உனக்கு எரிச்சல் தரும் ஒரு விஷயம் என்ன? அதைச் சரிசெய்ய உன்னால் எதைச் செய்ய முடியும்?” இரண்டாவது கேள்விக்கு ‘ஆசிரியரிடம் சொல்வேன்’ என்பதைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கும் தாள்களைத் தனியே எடுத்து வைத்தால் இருபது, இருபத்தைந்து பேர் தேறுவார்கள். அவர்களுள் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களும் இருக்கிறார்களா, ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்கிறதா, தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளும் இடம்பெற்றிருக்கிறார்களா என்று பார்த்துப் பட்டியலைச் சரிசெய்யுங்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருவரையாவது வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் இருக்கும் பொறுப்புகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும் என்பதை முதல் நாளே அறிவித்துவிட்டால் பதவிக்கான போட்டி பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் வேலை

முதல் வேலை மூன்று வாரத்தில் முடியக்கூடியதாகவும், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்குவதாகவும், முடிந்ததும் எல்லோர் கண்ணிலும் படுவதாகவும் இருக்க வேண்டும். ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வு’ போன்ற தலைப்புகள் வேண்டாம். அவை முடிந்தனவா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. குடிநீர்த் தொட்டியருகே தேங்கும் நீரை வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் திருப்புவது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் வரிசைக் கோடு போட்டு ஒழுங்குபடுத்துவது, நாப்கின் எரிப்பான் வேலை செய்கிறதா என்று வாரந்தோறும் பார்த்துப் பதிவேடு வைப்பது போன்றவை பொருத்தமானவை.

ஒரு பள்ளியில் எங்களுக்கு அமைந்த முதல் வேலை பூட்டிக் கிடந்த நூலக அலமாரி. பள்ளி நூலகம் என்பது ஆய்வகத்தின் பின்னால் இருந்த மூன்று இரும்பு பீரோக்கள்தான். புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் அவற்றின் சாவி அலுவலக மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. ஆறு பேர் கொண்ட மாணவர் குழு சாவியைக் கேட்டது. ‘தொலைந்தால்?’ என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு வாரம் யோசித்து எழுதிக் கொண்டுவந்த பதில் இப்போதும் என்னிடம் இருக்கிறது: முதலில் இருப்பதை எண்ணிப் பட்டியல் போடுகிறோம், தொலைந்தால் எது தொலைந்தது என்றாவது தெரியும். நானூற்றுச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. முப்பதுக்கு மேற்பட்டவற்றைப் பூச்சி அரித்திருந்தது. மதிய உணவு இடைவேளையில் வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் புத்தகங்களைத் துடைத்து, முதுகில் எண் ஒட்டி, நீள நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு தொடங்கினார்கள். இரண்டாவது வாரத்தில் ஒருவர் வரவில்லை, மற்றொருவர் வந்து வேலை செய்யாமல் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று சண்டை வந்தது. படித்துக்கொண்டிருந்தவரையே கடைசியில் ‘எந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்கும்’ என்று சொல்லும் பொறுப்பில் அமர்த்தினார்கள். அது என் யோசனையன்று. எனக்குத் தோன்றியிருக்கவும் தோன்றியிருக்காது.

இங்கே ஆசிரியர் செய்ய வேண்டியதைவிடச் செய்யாதிருக்க வேண்டியது அதிகம். எண் ஒட்டும் முறை தவறாக இருந்தது எனக்கு முதல் நாளே தெரியும். ஐம்பது புத்தகம் ஒட்டிய பிறகு அவர்களுக்கே தெரிந்தது. பசையைச் சுரண்டி மீண்டும் ஒட்ட இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் இழப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாத ஆசிரியர் இந்தப் பணியை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. அதே வேளையில் உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ ஆபத்து வரும் இடத்தில் ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. பீரோவை நகர்த்துவதும் மின்விசிறியைத் தொடுவதும் பிள்ளைகள் வேலையல்ல.

கூட்டம் நடத்துதல்

நம் பிள்ளைகள் கூட்டம் என்றால் மேடை, மைக், பொன்னாடை என்றுதான் அறிந்திருக்கிறார்கள். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வருவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் ஐந்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். நாற்காலியை எடுத்துக்கொண்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்தத் தொடங்குங்கள். அமைதி தாங்க முடியாமல் யாராவது ஒருவர் பேச ஆரம்பிப்பார்.

சில பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஊன்றிவிடலாம். கூட்டத்துக்கு முந்தைய நாளே பேச வேண்டியவற்றை மூன்று வரியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தலைமை தாங்குபவர் கடைசியாகத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் ஆமாம் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அதைச் செய்யப்போகிறவரின் பெயரும் நாளும் எழுதப்பட வேண்டும். ‘எல்லோரும் சேர்ந்து செய்வது’ என்று எழுதப்பட்ட எந்த வேலையும் நடந்ததில்லை. அடுத்த கூட்டம் முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்து, செய்யாதவர் ஏன் செய்யவில்லை என்று சொல்வதில் தொடங்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் பிடிபட ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பிடிபட்டபின் உங்களுக்கு வேலை குறைந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்குக் குறிப்பெழுதும் வேலையும் ஆண் பிள்ளைகளுக்கு வெளியே போய்ப் பேசும் வேலையும் தாமாகவே போய்ச் சேர்வதைக் கவனியுங்கள். நல்ல கையெழுத்து என்பது பெண்களைப் பேசவிடாமல் வைத்திருக்க நாம் கண்டுபிடித்த நயமான வழி என்று எனக்குச் சில நேரம் தோன்றும். பொறுப்புகளைச் சுழற்சியில் விடுவது இதற்காகவும்தான்.

பணம்

பணத்தைத் தொடாமல் பொறுப்பைக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் மாணவர்களிடம் பணம் வசூலிக்கும் வழிக்குப் போகவே போகாதீர்கள். அது விதிமுறைக்கும் பொருந்தாது, தர முடியாத பிள்ளையை மற்றவர் முன் நிறுத்தவும் செய்யும். பெற்றோர் ஆசிரியர் கழகம், பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள் ஆகியோரிடம் எழுத்து மூலம் கேட்டு, பள்ளியின் முறைப்படி பெற்றுக்கொள்ளுங்கள். ரொக்கம் ஆசிரியரிடமும் கணக்கு நோட்டு மாணவப் பொருளாளரிடமும் இருக்கட்டும். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தி, ரசீது எண், இரண்டு கையொப்பம். பத்து ரூபாய்க்கு நூல்கண்டு வாங்கினாலும் சீட்டு வேண்டும். கடைக்காரர் ரசீது தராவிட்டால் வாங்கியவர் தானே எழுதிக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். மாதக் கடைசியில் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். முதல் மாதம் எங்கள் கணக்கில் பதினேழு ரூபாய் இடித்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைகள் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப்பதிவியல் பாடத்தில் அவ்வளவு ஊக்கத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

எழுதுவதும் கேட்பதும்

அனுப்புநர், பெறுநர், பொருள், ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று விண்ணப்பக் கடிதம் எழுத ஆறாம் வகுப்பிலிருந்து கற்பிக்கிறோம். பன்னிரண்டு ஆண்டு படித்து முடித்து வெளியேறும் பிள்ளை அப்படி எழுதிய ஒரு கடிதத்தைக்கூட அஞ்சலில் சேர்த்திருக்காது. அந்தக் கடிதத்தை இந்த ஆண்டு உண்மையாகவே அனுப்ப வையுங்கள். பேருந்து பள்ளி நிறுத்தத்தில் நிற்காமல் போகிறது என்றால் எந்தத் தடம், எத்தனை மணி, எந்தெந்த நாள் என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, அந்தக் குறிப்பையும் இணைத்துப் பணிமனைக் கிளை மேலாளருக்குத் தலைமையாசிரியர் வழியாக எழுதலாம். ‘அடிக்கடி நிற்பதில்லை’ என்று எழுதிய கடிதத்துக்கும் ‘பத்து நாளில் ஆறு நாள் நிற்கவில்லை’ என்று எழுதிய கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவத்தில் உணர்ந்த பிள்ளைக்குத் தரவு என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் பதினைந்து நாள் கழித்து நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும் இந்தப் பாடத்தைச் சேர்ந்ததுதான்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால் மாணவர்கள் தீர்மானத்தில் பங்குகொள்ள முடியாது. ஆயினும் பெற்றோருடன் போய் உட்கார்ந்து வரவு செலவு வாசிக்கப்படுவதைக் கேட்கலாம், தெருவிளக்கைப் பற்றித் தாங்கள் எடுத்த கணக்கைப் பெற்றோர் கையில் மனுவாகக் கொடுக்கலாம். ஆகஸ்ட் 15 பள்ளிக் கொடியேற்றம் முடிந்த கையோடு போய்வர வசதியான நாள். போய்வந்தபின் அங்கே யார் பேசினார்கள், யார் பேசவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘எங்கம்மா பேச எழுந்தாங்க, உட்காரச் சொல்லிட்டாங்க’ என்று ஒரு மாணவி எழுதியிருந்த வரியை வைத்தே எங்கள் அடுத்த இரண்டு கூட்டங்கள் நடந்தன.

ஏழு நாள் முகாம்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது; பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும், ஒரு கிராமத்தில் தங்கிச் செய்யும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அமைப்பு. இந்த முகாமைப் போலத் தலைமைப் பயிற்சிக்கு ஏற்ற களம் நம் பள்ளிகளில் வேறில்லை. ஆனால் பல முகாம்களில் ஆசிரியர்களே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, காலையில் உழவாரம், மாலையில் சொற்பொழிவு என்று பிள்ளைகளை வரிசையில் நகர்த்திக்கொண்டு போய்விடுவதால் அந்த வாய்ப்பு வீணாகிறது.

உணவு, பணி, நலவாழ்வு, மாலை நிகழ்ச்சி, கணக்கு என்று ஐந்து குழுக்களாகப் பிரித்து, முகாமுக்கு மூன்று வாரம் முன்பே ஊரை நேரில் பார்த்துவர அனுப்புங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிப்பறை எத்தனை, இரவில் தங்கும் கட்டடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவர்களே பட்டியல் போட்டு வரட்டும். நீங்களும் தனியே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஒரு முகாமில் ஐம்பது பேருக்கான உணவுப் பொறுப்பு ஐந்து மாணவர்களிடம் இருந்தது. வீட்டில் அம்மாவைக் கேட்டு, ஒரு வேளைக்கு ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று கணக்குப் போட்டு ஐந்து கிலோ உலை வைத்தார்கள். காலையிலிருந்து ஊருணியில் மண் சுமந்த பிள்ளைகள் நூறு கிராம் அரிசிச் சோற்றோடு எழுந்துவிடுவார்களா? இரண்டாம் நாள் மதியம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த பதினோரு பேருக்குச் சோறில்லை. உணவுக் குழுவினர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். அந்தப் பதினோரு இலைகளின் முன் நின்றுகொண்டிருந்த குழுத் தலைவியின் முகத்தைப் பார்த்ததும், கடைக்கு ஆள் அனுப்பிவிடலாம் என்று எனக்குக் கை துடித்தது. பத்து நிமிடம் பொறுத்திருந்தேன். அவள் சமையல்காரரிடம் இருந்த ரவையைக் கேட்டு வாங்கி உப்புமா கிண்டச் சொல்லிவிட்டு, பதினோரு பேரிடமும் தனித்தனியாகப் போய் அரைமணி நேரம் ஆகும் என்று சொன்னாள். அன்றிரவுக் கூட்டத்தில் யாரும் அவளைக் குற்றம் சொல்வதற்கு முன்பே எழுந்து, மறுநாளிலிருந்து ஏழரைக் கிலோ, பரிமாறும் குழு எல்லோருக்கும் பின்னால்தான் சாப்பிடும் என்று இரண்டு மாற்றங்களை அறிவித்தாள். அந்த இரண்டாவது விதி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் எங்கள் முகாம்களில் யாரும் சொல்லாமலே தொடர்ந்தது.

இரவுக் கூட்டத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அரைமணி நேரம் போதும். இன்று எது சரியாக நடக்கவில்லை, நாளை யார் எதை மாற்றுகிறோம் என்ற இரண்டு கேள்விகள் மட்டும். ஆசிரியரின் பாராட்டுரை காலையில் இருக்கட்டும்.

பள்ளிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள பிற வாய்ப்புகள்

தேசிய மாணவர் படையில் இளநிலைப் பிரிவுச் சேர்க்கை பெரும்பாலும் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலேயே தொடங்கிவிடுவதால், பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. கல்லூரியில் முதுநிலைப் பிரிவில் சேரலாம் என்பதைச் சொல்லி வையுங்கள். சாரண சாரணியர் இயக்கமும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் இருக்கும் பள்ளிகளில், கீழ்வகுப்புகளில் அவற்றில் பயின்று வந்தவர்களை முதலுதவி கற்பிக்கும் ஆசிரியர்களாக மாற்றிவிடலாம். கலைத் திருவிழா நடிப்போருக்கும் பாடுவோருக்கும் மேடை தருகிறது. அதே விழாவில் ஒலிபெருக்கி, வரிசை, நேரம், ஒப்பனை அறை ஆகியவற்றை நடத்தும் குழு ஒன்றையும் மாணவர்களைக் கொண்டே அமைத்தால் மேடை ஏறாதவர்களுக்கும் அது பயன்படும். அரசுப் பள்ளிகளில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அமைக்கப்பட்டிருக்கும் மகிழ் முற்றம் குழுக்களில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருப்பதால், பிளஸ் ஒன் மாணவர் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் அரிய வாய்ப்பு அதில் இருக்கிறது. மதிப்பெண் பலகையோடு அதை நிறுத்திவிடக் கூடாது.

உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டலுக்கு 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. அதன் தகவல்களை ஆசிரியர் படித்துக் காட்டுவதைவிட, ஆளுக்கு ஒரு நுழைவுத் தேர்வை எடுத்துக்கொண்டு விண்ணப்ப நாள், கட்டணம், பாடத்திட்டம், எந்தக் கல்லூரி என்று மாணவர்களே திரட்டி மற்ற வகுப்புகளுக்குச் சொல்வது நன்றாகப் பதியும். 1993 முதல் நடந்துவந்த குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் முறையும் பின்பற்றத் தக்கது: தம் ஊரைச் சேர்ந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் நேரில் தகவல் சேகரித்து, வரைபடத்தோடு அறிக்கை எழுதி, தெரியாதவர்கள் முன் நின்று பதில் சொல்வது. போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளிக்குள்ளேயே அதை நடத்திக்கொள்ளலாம். பதினேழு வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே படிவம் 6 அளிக்கலாம் என்பதால், பிளஸ் டூவில் அதற்கு உதவும் ஒரு சிறு குழுவையும் ஏற்படுத்தலாம்.

வீடும் பாதுகாப்பும்

“மார்க் போயிடும் சார்” என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. பள்ளிக்கல்வியைத் தாண்டி முதல்முறையாக ஒரு பிள்ளை போகப்போகும் வீட்டில் பிளஸ் டூ மதிப்பெண் என்பது சாதாரண எண்ணன்று. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதத்தோடு முடியும் என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தவருக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுப்போம் என்றும் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். பிளஸ் ஒன்னில் தரப்படும் விலையில்லா மிதிவண்டியால் மாலை ஐந்தரை மணி வரை இருந்து போகக்கூடிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர், கடைசிப் பேருந்தை நம்பியிருப்பவர் எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டு கூட்ட நேரத்தை வையுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை இந்தப் பிள்ளைகளின் பாட்டிகள் சிலர் இன்றும் சொல்வார்கள், கேட்டுவரச் சொல்லுங்கள்.

மாணவிகள் இடம்பெறும் எந்த வெளிப்பணிக்கும் பெண் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். தனி மாணவர் எவரையும் ஓர் ஆசிரியரோடோ வெளியாளோடோ தனியே அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகியவை குழு நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். செல்பேசிக் குழு தொடங்கினால் இரண்டு ஆசிரியர்கள் அதில் இருக்க வேண்டும், இரவு எட்டுக்கு மேல் செய்தி கூடாது.

எதை வைத்து மதிப்பிடுவது

மதிப்பெண் போடாதீர்கள். போட்ட நொடியிலிருந்து பிள்ளைகள் உங்களுக்காக வேலை செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஜூலையில் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டு நவம்பரில் திரும்பப் படித்துப் பாருங்கள். தவறு நடந்தபோது ‘அவன்தான்’ என்று சொன்னவர் ‘நான் மறந்துவிட்டேன்’ என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறாரா? உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தவர் செய்து முடித்துவிட்டுத் தகவல் சொல்கிறாரா? தன் யோசனை தோற்ற பிறகும் கூட்டத்துக்கு வந்தாரா? எல்லோருக்கும் ஆம் என்று பதில் வராது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்குமேல் வந்த ஆண்டு ஒன்றே ஒன்றுதான்.

சான்றிதழில் ‘சிறந்த தலைமைப் பண்பு உடையவர்’ என்று அச்சடிப்பதைவிட, என்ன செய்தார் என்று ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள். “நூலகப் பதிவேட்டைப் பராமரித்தார், புத்தகம் திருப்பித் தராத முப்பத்தாறு பேரிடம் நேரில் பேசி இருபத்தொன்பது புத்தகங்களை மீட்டார்” என்ற வரி நேர்காணல் அறையில் அந்தப் பிள்ளைக்குப் பேச ஒரு தொடக்கத்தைத் தரும்.

ஒப்படைப்பு

பிளஸ் டூவின் ஜூலை முதல் பாதியில் புதிய பிளஸ் ஒன் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை பழைய குழுவிடமே விடுங்கள். அந்த இரண்டு கேள்வித் தாளை அவர்களே திருத்தட்டும். ஜூலை நடுவிலிருந்து இரு குழுக்களும் சேர்ந்து வேலை செய்து, ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துப் பொறுப்பைக் கைமாற்ற வேண்டும். அன்று ஒப்படைக்க வேண்டியவை: கூட்டக் குறிப்பு நோட்டு, கணக்கு நோட்டும் ரசீதுகளும், அனுப்பிய கடிதங்களின் நகல்கள், முடியாமல் நிற்கும் வேலைகளின் பட்டியல், யாரிடம் எப்போது போனால் வேலை நடக்கும் என்று பிள்ளைகள் தம் அனுபவத்தில் எழுதிய குறிப்பு. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட விலைமதிப்புள்ளது. எங்கள் நோட்டில் அது இப்படித் தொடங்கும்: “அலுவலக அக்காவிடம் பதினோரு மணிக்கு முன் எதுவும் கேட்காதீர்கள். சம்பளப் பட்டியல் வாரத்தில் கேட்கவே கேட்காதீர்கள்.”

நூலக பீரோவின் சாவிக்குத் தனியாக ஒரு பக்கம் உண்டு. பெற்றவர், கொடுத்தவர், நாள், சாவிகளின் எண்ணிக்கை என்று நான்கு பத்தி. முதல் வரியில் கொடுத்தவர் இடத்தில் பள்ளி அலுவலகம் என்று இருக்கும். அதற்குக் கீழே உள்ள எல்லா வரிகளிலும் இரண்டு பத்தியிலும் மாணவர் பெயர்களே இருக்கின்றன. கடைசி ஆகஸ்டில் கையெழுத்திட்ட மாணவி, மூன்று சாவிகளில் ஒன்று துருப்பிடித்திருப்பதாகக் குறிப்புப் பத்தி ஒன்றைத் தானே கோடு போட்டுச் சேர்த்திருந்தாள்.